மச்சான் பிடித்த கயிறு

நீச்சல் தெரியாதவர்களுக்குக் கடலைக் காட்டுவதுதான் சுலபம். அரைகுறையாகத் தெரிந்தவன் கையையும் காலையும் அடித்து, பவளம் வளர்ந்த முருகைக்கல்லை உடைத்துவிடுவான். ஒன்றும் தெரியாதவன் சொன்னபடி கிடப்பான். மிதவை அங்கியைக் கட்டி, முகத்தில் கண்ணாடியை மாட்டி, வாயில் மூச்சுக்குழாயைக் கொடுத்து, டியூப்பைப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுக்கச் சொன்னால் போதும். டியூப்பில் கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டு நான் முன்னால் நீந்துவேன். அவர்கள் கவிழ்ந்து கிடந்து பார்த்தபடியே பின்னால் வருவார்கள். ஏறி வந்ததும் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள். வடிவு என்பார்கள்.

நீங்கள் கேதீஸ்வரனைப் பற்றிக் கேட்பதற்குத்தான் என்னை இருத்தி வைத்திருக்கிறீர்கள் என்று தெரியும். ஒளிக்க வரவில்லை. நானாகத்தான் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். ஆனால் கயிற்றில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதை ஊரில் பிழையாகக் கதைக்கிறார்கள். எமில்ராஜின் கை வழுக்கிக் கயிறு போய்விட்டது, பாவம், சொந்தத் தங்கச்சியின் புருஷன் என்கிறார்கள். மரண விசாரணையிலும் விபத்து என்று முடித்தார்கள். அன்றைக்கு நானும் மறுத்துச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். நான் கயிற்றை விடவில்லை.

வெள்ளைப்பார் என்பது தீவுகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு முருகைக்கல் திட்டு. குருநகர் இறங்குதுறையில் இருந்து இயந்திரப் படகில் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டச் செல்லும். சில வருடங்களுக்கு முன்பு அதைப் பாதுகாக்கப்பட்ட கடல் என்று அறிவித்தார்கள். வலை போடக்கூடாது, கடலட்டை பிடிக்கக்கூடாது, நங்கூரம் விடக்கூடாது, கல்லில் கால் வைக்கக்கூடாது. நங்கூரத்துக்குப் பதிலாக ஒரு மஞ்சள் மிதவையை அடியில் கட்டி விட்டிருக்கிறார்கள், படகை அதில்தான் தொடுக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்குக் கோபம் வந்தது. பிலிப்பு அண்ணைதான் முதலில் மாறினவர். "பிடிக்க விடாட்டி என்ன, காட்டுவம்" என்று சொல்லி, படகின் மீன் மணம் போகும்வரை சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, ஆட்களை ஏற்றத் தொடங்கினார். படகு அவருடையது. ஆட்களைத் தண்ணீரில் இறக்குகிறவனும் ஏற்றுகிறவனும் நான்.

வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள்தான் வருவார்கள் என்று நினைத்தோம். ஆனால் கொடிகாமம், இணுவில், மருதனார்மடம் என்று எங்கள் ஆட்களே வரத் தொடங்கினார்கள். சுற்றிவரக் கடல் இருக்கிற இடத்தில் பிறந்து, ஒருநாளும் அதற்குள் தலையை விட்டுப் பார்த்திராத சனம். கரையில் வைத்தே பாடம் நடத்துவேன்.

"வாயால மூச்சை எடுங்கோ, வாயால விடுங்கோ. மூக்கு எண்டு ஒண்டு இருக்கிறதை மறந்துபோங்கோ."

"மறந்திட்டன் தம்பி. இனி மூக்குக்கண்ணாடியை எதில மாட்டுறது?" என்று ஒரு ஆசிரியை கேட்டார். அப்படியும் ஆட்கள் வருவார்கள்.

மேலே மிதந்து பார்ப்பவர்களுக்கு அவ்வளவு பாடம் காணும். கீழே இறங்க ஆசைப்படுகிறவர்களுக்கு மறந்த மூக்கை மறுபடி ஞாபகப்படுத்த வேண்டும். இறங்கும்போது மூக்கால் கண்ணாடிக்குள் கொஞ்சம் காற்றை ஊத வேண்டும். ஊதாவிட்டால் கண்ணாடி முகத்தை உறிஞ்சிப் பிடிக்கும். கண் சிவந்துவிடும், சுற்றிவரக் கறுத்துவிடும், நாள் கணக்கில் நிற்கும். மருதனார்மடத்தில் வங்கியில் வேலை செய்கிற சிவகரன் என்பவர் சொல்லச் சொல்லக் கேட்காமல் இறங்கிவிட்டு, அடுத்தநாள் எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, ஒபிசில எல்லாரும் மனிசி அடிச்சவவோ எண்டு கேக்கினம். நீர் ஒருக்கா வந்து சொல்லும்" என்றார். ஒவ்வொரு பருவத்திலும் அப்படி நாலைந்து முகங்களைப் பார்ப்பேன்.

பெண்களைக் கொண்டுபோவதில்தான் கஷ்டம் இருந்தது. நான் கையைப் பிடித்து இறக்கக் கூச்சப்படுவார்கள். படகிலேயே இருந்துவிட்டுத் திரும்பிப் போனவர்களும் உண்டு. தண்ணீருக்குள் ஒரு பெண் நின்றால் நல்லது என்று ஒருநாள் தங்கச்சி வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன். சும்மா சொன்னதுதான்.

இனிக் கயிறு. எங்கள் அப்பா அட்டை குளித்தவர். கடல் அடியில் கிடக்கும் அட்டையையும் சங்கையும் மூச்சடக்கி இறங்கி எடுப்பதைக் குளிப்பது என்றுதான் சொல்வோம். இடுப்பில் ஈயம் கட்டி இறங்குவார்கள். இடுப்பில் இருந்து ஒரு கயிறு படகுக்கு வரும். கீழே இருக்கிறவன் ஒருதரம் இழுத்தால் சுகம். இரண்டுதரம் இழுத்தால் தூக்கு. அந்தக் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுக்க மாட்டார்கள். மனைவியின் சகோதரன்தான் பிடிக்க வேண்டும். தன் சகோதரி தாலி அறுப்பதை எவனும் விரும்ப மாட்டான் என்பது கணக்கு. அதனால் மச்சான் பிடிக்கிற கயிறு என்றால் எங்கள் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவார்கள். இன்னொரு முறையும் உண்டு. கயிறு பிடிக்கிறவன் ஒருதரமாவது தானும் கீழே போய் வந்திருக்க வேண்டும். கீழே இருப்பது எப்படி என்று தெரியாதவன் கையில் கயிறு கூடாது.

அப்பாவுக்கு எங்கள் மாமா பிடித்தார். மாமா காய்ச்சலில் படுத்திருந்த ஒருநாள் வேறொருவன் பிடித்தான். அப்பா வரவில்லை. நான் கம்பஸில் இரண்டாம் வருடம், தங்கச்சி பிரியந்தினி பள்ளிக்கூடத்தில். அடுத்த வருடம் அம்மாவும் போய்விட்டா. நான் கம்பஸை விட்டுவிட்டு ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போனேன். பகலில் படுப்பேன், அவள் பள்ளிக்கூடம் போவாள். அவள் படிக்க இருக்கும் நேரம் நான் வெளிக்கிடுவேன். அண்ணனும் தங்கச்சியுமாகப் பல வருடம் வாசலில்தான் சந்தித்தோம். வீட்டுத் திறப்பை அவள் கையில் கொடுப்பேன், அவள் சாப்பாட்டுப் பெட்டியை என் கையில் தருவாள். இதைச் சொல்லி உங்களிடம் இரக்கம் வாங்க வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அவளை நான் கடலில் இறங்க விடவில்லை. முழங்காலுக்கு மேலே தண்ணீர் வரக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். குருநகரில் பிறந்த பெண், நீந்தத் தெரியாது. அவள் கேட்டிருக்கிறாள். அப்பா அங்கே எதைப் பார்த்தவர், எனக்கும் பார்க்க வேண்டும் என்பாள். ஒருநாள் நானே கூட்டிக்கொண்டு போறன் என்று சொல்வேன். வெள்ளைப்பாரில் வேலை தொடங்கிய பிறகும் கேட்டாள். பிறகு என்றேன். ஊர்ப்பட்ட சனத்தை இழுத்துக்கொண்டு திரிந்தேன். அவளுக்கு மட்டும் நாள் வரவில்லை. ஏன் என்று கேட்டால், வேலையாகக் காட்டுகிற கடலை அவளுக்குக் காட்டக்கூடாது என்று நினைத்தேன். ஒரு நல்ல நாளில், தண்ணீர் தெளிந்து கிடக்கையில், வேறு ஆள் இல்லாமல் காட்டலாம் என்று வைத்திருந்தேன்.

கேதீஸ்வரன் இணுவில் பொடியன். தோட்டக்காரன். மருதனார்மடம் சந்தைக்கு மரக்கறி கொண்டு வருவான். பிரியந்தினி சந்திக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடையில் நின்றாள். மிச்சத்தை நீங்களே ஊகிக்கலாம். அவர்கள் சைவம், நாங்கள் வேதம், கத்தோலிக்கர். இரண்டு பக்கமும் கொஞ்சநாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு இறக்கி வைத்தார்கள். எனக்கு மறுப்பு இருக்கவில்லை. அவளை இணுவிலுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த அன்று திறப்பைக் கொடுக்க ஆள் இல்லாமல் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அவனைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நகத்துக்குள் எப்போதும் செம்மண் இருக்கும். நிறையக் கதைப்பான். வந்தால் பீட்ரூட்டும் வெங்காயமும் சாக்கோடு கொண்டு வந்து இறக்குவான். தனியாள் எனக்கு எதற்கு இவ்வளவு என்றால், "வைச்சு வைச்சுத் தின்னுங்கோ மச்சான். தின்னுறதுக்கும் பஞ்சியெண்டால் நான் வந்து ஊட்டியே விடுறது?" என்பான். கிணற்றைத் தவிர வேறு தண்ணீரைக் கண்டால் பயம். படகில் ஏறினால் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருப்பான். பிலிப்பு அண்ணை அதைப் பார்த்து, "மாப்பிளை, படகு ஓடிப்போயிடாது, விடும்" என்று பகிடி பண்ணுவார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. மாசி மாதம். பூசை முடிந்து நான் வீட்டுக்கு வர, பிரியந்தினி தனியாக வந்திருந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். ஒருநாளும் போடுகிறவள் இல்லை. குசினிக்குள் போய்க் கண்ணாடியைக் கழற்றித் தேத்தண்ணி வைத்தாள். அந்த நேரம் பக்கத்து வீட்டு லூர்த்தம்மா மாமி தேங்காய்ப்பாதி கேட்டு வந்தவர், அவளின் முகத்தைப் பார்த்துவிட்டார். கண் சிவந்து, சுற்றிவரக் கறுத்திருந்தது.

"என்ன பிள்ளை இது கண்? மனிசன் கை நீட்டுறானோ?"

"ஐயோ மாமி, சும்மா இருங்கோ. கதவில இடிச்சுப்போட்டன்." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். என்னைப் பார்க்காமல் சிரித்தாள்.

அவள் போனபிறகு மாமி வேலியால் எட்டி எனக்குச் சொன்னார். "எல்லாரும் கதவெண்டுதான் சொல்லுவினம் தம்பி. நானும் என்ரை காலத்தில கதவெண்டுதான் சொன்னனான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு தெரிந்திருந்தது. நான் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னவர்களை மறிக்கவும் இல்லை. பிரியந்தினியிடமோ கேதீஸ்வரனிடமோ கேட்கவும் இல்லை. கேட்டால் அவன் இல்லை என்பான், அவளும் இல்லை என்பாள், கதை அதோடு முடிந்துவிடும். பெற்றோர் இல்லாத பெண்ணுக்கு அண்ணன்தான் பொறுப்பு. அவளை அடிக்கிறவனை அண்ணன் என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் நான் யோசித்தேன். அன்று முதல் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

கொஞ்ச நாளில் கேதீஸ்வரனே போன் எடுத்தான்.

"மச்சான், என்னை ஒருக்கா வெள்ளைப்பாருக்குக் கொண்டு போங்கோ. மேல மிதக்கிறதில்லை. கீழ போய் வர வேணும்."

"கிணத்துக்குள்ள வாளி விழுந்தால் ஆள் பிடிக்கிற நீர், கீழ ஏன்?"

"அது இப்ப சொல்ல ஏலாது. உங்கடை கோயில் யாகப்பர் பெருநாளுக்குத் தெரியவரும்." சிரித்தான். "சனம் இல்லாத நாளாப் பாருங்கோ. நான் பயத்தில கத்தினால் பிலிப்பு அண்ணை ஊர் முழுக்கச் சொல்லிப்போடுவார்."

"பயமெண்டால் விடுமன்."

"மச்சான் பிடிக்கிற கயிறெல்லோ. எனக்கென்ன பயம்?"

அந்த முறையை அவனுக்குப் பிரியந்தினி சொல்லியிருக்க வேண்டும். இணுவிலில் அது யாருக்கும் தெரியாது.

பங்குனியில் ஒரு புதன்கிழமை. பிலிப்பு அண்ணைக்கு வேறு அலுவல் இருந்த நாளாகப் பார்த்துப் படகைக் கேட்டேன், தந்தார். இரண்டு பேர் படகில் நிற்காமல் ஆளை இறக்கக்கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. அதை அன்றைக்கு மீறினேன். அவசரத்தில் ஒரே இழுப்பில் ஈயப் பட்டியைக் கழற்றிவிடுகிற கொக்கி உடைந்திருந்ததால் கயிற்றால் முடிச்சுப் போட்டதாக விசாரணையில் சொல்லியிருக்கிறேன். அது உண்மை. கொக்கி உடைந்துதான் இருந்தது. முதல்நாள் பின்னேரம் நான் உடைத்தேன்.

கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. மிதவையில் படகைத் தொடுத்துவிட்டு, முதலில் அவனுக்கு வெள்ளைப்பாரை முழுவதும் காட்டினேன். அதை அரைகுறையாகச் செய்யவில்லை. டியூப்பில் படுக்க வைத்து மேற்குப் பக்கமாக இழுத்துப் போனேன். கிளிமீன் கூட்டம் கல்லைக் கறுமுறு என்று கடிப்பதைத் தலையை அமிழ்த்திக் கேட்க வைத்தேன். கல்லுக்குள் புதைந்து வாயைத் திறந்து வைத்திருக்கும் பெரிய சிப்பியைக் காட்டினேன். நிழல் பட்டால் அது வாயை மூடும். அவன் திரும்பத் திரும்பக் கையை ஆட்டி நிழல் விழுத்திப் பார்த்தான். படகில் ஏறியதும் வாயில் இருந்த குழாயைத் துப்பிவிட்டு, "எங்கடை தோட்டம் மாதிரியெல்லோ கிடக்கு மச்சான். பாத்தி பாத்தியா. ஆரோ இறைச்சு விட்டமாதிரி" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் இருந்தது. கடல்தண்ணியாகவும் இருக்கலாம்.

படகைத் தொடுத்த மிதவை திட்டின் வெளி விளிம்பில். அங்கே மிதவைக் கயிறு நேராகக் கீழே போகும். நாலு பாக ஆழம். ஒரு பாகம் என்றால் ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்த அளவு. மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மணலைத் தொட்டுவிட்டு வருவது. அங்கியைக் கழற்றி, ஈயத்தைக் கட்டினேன்.

"இது கொஞ்சம் பாரமெல்லோ மச்சான்?"

"கீழ போனால் பாரம் தெரியாது" என்றேன். அதுவும் உண்மை. எழும்பும்போதுதான் தெரியும். அவனுக்குக் கட்ட வேண்டியதைவிட இரண்டு கட்டி கூடப் போட்டிருந்தேன்.

இடுப்பில் கயிறு கட்டினேன். ஒருதரம் இழுத்தால் சுகம், இரண்டுதரம் இழுத்தால் தூக்கு என்று சொன்னேன். திருப்பிச் சொன்னான். இறங்கும்போது மூக்கால் ஊத வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஊத வேணும். தெரியும்" என்றான்.

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

போனான். தலைகீழாகப் போகத் தெரியாது. ஏணியால் இறங்குகிறவன் மாதிரிக் கைமாற்றிக் கைமாற்றிப் போனான். அடியில் நின்று ஒருதரம் இழுத்தான். சுகம். நானும் ஒருதரம் இழுத்துப் பதில் கொடுத்தேன். கீழே இருக்கிறவனுக்கு அது பெரிய ஆறுதல் என்று அப்பா சொல்வார்.

பிறகு இரண்டுதரம் இழுத்தான்.

கயிறு நல்ல பொருள். கீழே நடக்கிறது எல்லாம் உள்ளங்கைக்கு வந்துவிடும். மறுபடி இரண்டுதரம். ஒழுங்காக, சொல்லிக்கொடுத்தபடி, நடுவில் இடைவெளி விட்டு இழுத்தான். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பான். மிதவைக் கயிற்றால் ஏறப் பார்த்ததும் ஈயம் திருப்பி இறக்கியதும் கைக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு வந்ததில் கணக்கு இல்லை. நான் இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. மஞ்சள் மிதவையில் ஒரு நீர்க்காகம் செட்டையை விரித்துக் காயவிட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறு அமைதியான பிறகும் பிடித்திருந்தேன். நீர்க்காகம் செட்டையை மடித்துப் பறந்து போனது. அதற்குப் பிறகுதான் தூக்கினேன்.

தூக்கினபிறகு செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தேன். நெஞ்சை அமத்தினேன், வாயில் ஊதினேன். கை சோரும்வரை செய்தேன். வராது என்று தெரிந்துதான் செய்தேன். கூடப் போட்ட இரண்டு ஈயக்கட்டியையும் பட்டியில் இருந்து கழற்றினேன். கடலில் போடவில்லை. அங்கே ஒன்றையும் போடக்கூடாது. வீட்டில், அறைக் கதிரைக்குக் கீழே ஒரு சாக்கில் இருக்கிறது. அவன் வெங்காயம் கொண்டு வந்த சாக்கு. ஆள் அனுப்பினால் எடுக்கலாம்.

இணுவிலில் எரித்தார்கள். முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி முடித்து வந்து வீட்டில் சாப்பாடு கொடுத்தார்கள். நான் பின்பக்கம் கிணற்றடியில் நின்றேன். கேதீஸ்வரனின் தாய் இரத்தினம்மா இலையும் கையுமாகத் தேடிக்கொண்டு வந்தார். கல்யாணத்தின்போது என்னோடு முகம் கொடுத்துக் கதையாத மனிசி.

"இஞ்சை ஏன் தனிய நிக்கிறியள் தம்பி? வந்து சாப்பிடுங்கோ."

"பசியில்லை அம்மா."

"உங்களை நோகிறதே? அவன் கடைசியா ஒரு ஆளின்ரை கையில எண்டாலும் இருந்தவன். தனியப் போகேல்லை. நான் அதைத்தான் நினைச்சு நினைச்சு ஆறுறன்." என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். கயிறு அறுத்த தழும்பைத் தேடினாரோ தெரியாது. தழும்பு இல்லை. அவன் இழுத்தபோது நான் எதிர்த்து இழுக்கவில்லையே.

சாப்பிட்டேன். அதன் பிறகுதான் பிரியந்தினி என்னை அறைக்குள் கூப்பிட்டாள். அலுமாரியைத் திறந்து ஒரு பையை எடுத்துக் கட்டிலில் கொட்டினாள். இரண்டு கண்ணாடி. இரண்டு மூச்சுக்குழாய். மலிவு விலைச் சாமான். கண்ணாடியின் இறப்பரில் மணல் ஒட்டியிருந்தது.

"நானும் அவரும் மாதகல் கடலுக்குப் போறனாங்கள் அண்ணை. காலமை வெள்ளன, ஆக்கள் இல்லாத நேரம். நீ ஒருநாள் சொன்னியெல்லோ, தண்ணிக்குள்ள ஒரு பொம்பிளை நிண்டால் நல்லமெண்டு. அவர்தான் சொன்னவர், நீரே நில்லும் எண்டு. நீ என்னை விடமாட்டாய் எண்டு நான் சொன்னன். பழகிப்போட்டுப் பெருநாளண்டைக்கு வெள்ளைப்பாரில உனக்கு முன்னால குதிச்சுக் காட்டுவம், அப்ப மச்சான் என்ன செய்யிறாரெண்டு பாப்பம் எண்டார்."

ஒரு மூச்சுக்குழாயை எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

"எனக்குக் கயிறு ஆர் பிடிக்கிறது எண்டு கேட்டன். தான் பிடிக்கிறன் எண்டார். பிடிக்கிறவர் ஒருக்காக் கீழ போய் வந்திருக்க வேணும், அதுதான் எங்கடை முறை எண்டு நான்தான் அண்ணை சொன்னனான். பகிடிக்குச் சொன்னனான். அதை நம்பி அந்த மனிசன் போயிட்டார்."

அப்போதுதான் அழுதாள். நான் அவள் தலையில் கை வைத்தேன். இரவு வேலைக்குப் போகிற காலத்தில் காய்ச்சல் பார்க்க வைக்கிற மாதிரி.

அழுது முடிந்து ஒரு கண்ணாடியை எடுத்து மடியில் வைத்துத் துடைத்தாள். "முதல்நாள் நான் ஊதாமல் போயிட்டன். என்ரை கண்ணைப் பாத்தனிதானே? மற்றநாள் அவர் ஆரிட்டையோ கேட்டு வந்து, மூக்கால ஊத வேணுமாம் எண்டு எனக்குச் சொல்லித் தந்தவர். அந்த ஞாயிறு உன்னட்டை வரப் பயந்துகொண்டுதான் வந்தன். லூர்த்தம்மா மாமிக்குக் கதவெண்டு சொல்லலாம். நீ ஒருக்காப் பாத்தாலே கண்டுபிடிச்சுப்போடுவாய் எண்டு நினைச்சன். நீ ஒண்டும் கேக்கேல்லை. கவனிக்கேல்லையாக்கும் எண்டு அவருக்கு வந்து சொல்லிச் சிரிச்சன்."

"கவனிக்கேல்லை" என்றேன்.

அவள் தலையாட்டினாள். நான் சொல்வதை அவள் எப்போதும் நம்புவாள்.

பிறகு கேட்டாள். "என்னை அங்க ஒருக்காக் கொண்டு போ அண்ணை. அவர் தொட்ட மணலை நானும் தொட்டுப்போட்டு வாறன். எனக்கு இனி ஆர் இருக்கினம்? நீ கயிறைப் பிடி."

சனிக்கிழமை என்று சொன்னேன். இன்றைக்கு வெள்ளி. அதனால்தான் வந்தேன். அவள் இறங்கினால் நான் தூக்குவேன். தூக்காமல் எப்படி இருப்பேன், என் தங்கச்சி. ஆனால் அந்தப் புதன்கிழமைக்கு முன்பு என்னைக் கேட்டிருந்தால், எவனையும் தூக்குவேன் என்றுதான் சொல்லியிருப்பேன். என் கையைப் பற்றி இப்போது நான் உறுதியாக ஒன்றும் சொல்ல மாட்டேன்.

நீங்கள் கேட்க நினைப்பதை நானே சொல்லிவிடுகிறேன். கை நீட்டினால் ஒரு கண்தான் வீங்கும். அவளுக்கு இரண்டு கண்ணும் ஒரே மாதிரிச் சிவந்திருந்தன. கறுப்பு, இறப்பர் விளிம்பு அழுத்திய வளையமாக, மூக்கின் மேலால் ஒரு கண்ணில் இருந்து மற்றக் கண்ணுக்குப் போயிருந்தது. அதை ஒரு குருடன்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவான். அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் தேத்தண்ணிக் கோப்பையை என்னிடம் நீட்டியபோதே எனக்குத் தெரிந்தது. மாமி வந்து வாய் திறப்பதற்கு முன்பே தெரிந்தது. மாமி சொன்னது எனக்கு வசதியாக இருந்தது, எடுத்து வைத்துக்கொண்டேன். அவன் அவளை அடித்ததில்லை. அவளுக்குக் கடலைக் காட்டினான். அதை நான்தான் காட்டியிருக்க வேண்டும். அதற்கென்று ஒரு நல்ல நாள் வைத்திருந்தேன்.

அவளுக்கு இதையெல்லாம் நீங்கள்தான் சொல்லப்போகிறீர்கள். கொக்கியைப் பற்றிச் சொல்லுங்கள், ஈயத்தைப் பற்றிச் சொல்லுங்கள். ஊரில் சொல்கிற ஒன்றை மட்டும் அவள் நம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணை கயிற்றை விடவில்லை என்று சொல்லுங்கள். கடைசிவரை பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.